மே மாசம் யாரோட சீசன்?

மூன்றாம் வருஷம் வந்தாச்சு. எங்க பி.காம் வகுப்பில் இப்போ பாடத்தைவிட முக்கியமான விவாதம் ஒன்று ஓடிக்கிட்டிருக்கு: கடைசி வருஷ டூர் எங்கே, எப்போ? 'ஊட்டி' கோஷ்டி ஒன்று, 'கொடைக்கானல்' கோஷ்டி ஒன்று. ஆனால் "எப்போ" என்ற கேள்விக்கு ரெண்டு கோஷ்டியும் ஒரே பதில்தான் சொல்கிறது: "பரீட்சை முடிஞ்சதும் மே மாசம்டா, அதுதானே சீசன்!"

பணத்துக்குப் பொறுப்பு நான். (கணக்கில் முதல் மார்க் வாங்கியதால் அல்ல, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பேன் என்று பெயர் இருப்பதால் :) ) ஆனால் மே மாசம் என்றதும் எனக்கு வேறொரு பயணம் ஞாபகம் வருகிறது.

முதல் வருஷம் முடிந்த கையோடு நாங்கள் 14 பேர் ஒரு வேன் பிடித்து ஊட்டிக்குப் போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத் தொடங்கியதும் வண்டி நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. பர்லியாறு பக்கம் ஒரு மணி நேரம் அசையவே இல்லை. இறங்கி ஒரு டீக்கடையில் நின்றோம். அப்போது எதிரே, மேலேயிருந்து ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கோவைக்கு யாரையோ கொண்டுபோகிறார்கள். டிரைவர்கள் இறங்கி, ஒவ்வொரு காராக ஓரம் ஒதுக்கி, வழி விடுவதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது. டீக்கடை அக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னாங்க: "சீசன் வந்தா எங்களுக்கு வியாபாரம்தான் தம்பி. ஆனா சீசன்ல மட்டும் எங்களுக்கு நோவு வரக்கூடாது."

மேலே போனதும், போனில் சொன்ன வாடகையைப்போல மூன்று மடங்கு கேட்டது லாட்ஜ். கேட்டால் அதே பதில்: "சீசன் சார்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். இந்த சீசன் என்பதை முடிவு பண்ணியது யார்? மலையா, நாமளா? கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

எங்க ஊர் சீசன்

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். எங்களுக்கு சீசன் என்றால் குற்றாலம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவில் இறங்கி, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வரும். கூடவே சாரல். மேலே மலையில் மழை பெய்து சிற்றாற்றில் தண்ணீர் வந்தால் பேரருவியில் விழும், ஐந்தருவியில் விழும். மழை இல்லையா, சீசனும் இல்லை. சில வருஷம் ஜூன் முதல் வாரமே களை கட்டும். சில வருஷம் ஜூலை வரை பாறை காய்ந்து கிடக்கும். கடை போடுகிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம். குற்றாலம் உயரமான ஊரே இல்லை. சுமார் 160 மீட்டர்தான். அங்கே குளிர்ச்சி வருவது உயரத்தால் அல்ல, காற்றாலும் மழையாலும்தான். அதனால் எங்க ஊர் சீசனை எந்த அதிகாரியும் தேதி போட்டு அறிவிக்க முடியாது. அறிவிக்கிறது மழை. நாங்கள் போவோம், அவ்வளவுதான்.

ஊட்டி சீசன் அப்படிப் பிறந்ததில்லை.

கலெக்டர் மலையேறிய கதை

நீலகிரியை ஜான் சல்லிவன் 'கண்டுபிடித்தார்' என்று சின்ன வயசில் படித்திருப்போம். அது சரியில்லை. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் அங்கே காலங்காலமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்களில்கூட 1603-லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறிப்போய்த் தோடர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். 1818-ல் அவருடைய உதவியாளர்கள் இருவர் மலையேறிவிட்டு வந்து, மேலே ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னார்கள். 1819 ஜனவரியில் அவரே ஏறினார். சீமைக் குளிரையே மறந்துபோயிருந்த மனுஷன் அங்கே போய் மயங்கிவிட்டார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டார். 1822-ல் ஊட்டியில் கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். கல் பங்களா என்று இன்றும் சொல்கிறார்களே, அதுதான். இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நாம் படகு விட்டு செல்ஃபி எடுக்கிற ஊட்டி ஏரியும் அவர் காலத்தில் வெட்டியதுதான். அந்த நிலமெல்லாம் தோடர்களிடமிருந்து வந்தது. ஏக்கர் ஒரு ரூபாய் என்று வாங்கினார் என்பார்கள். ஆனால் நியாயமாக ஒன்று சொல்லணும்: மலை நிலத்துக்கு முழு உரிமை தோடர்களுக்குத்தான் என்று கம்பெனியின் மற்ற அதிகாரிகளோடு வாதாடியவரும் இதே சல்லிவன்தான்.

ஆக, ஊட்டிக்கு முதலில் போனவர்கள் இயற்கையை ரசிக்கப் போகவில்லை. வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து போனார்கள். 1820-களின் கடைசியில் கவர்னர் லஷிங்டன் அதை ராணுவத்தார் உடம்பு தேறும் இடமாக வளர்த்தார். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர். அதாவது கோவையைவிடச் சுமார் பன்னிரண்டு டிகிரி குறையும். சென்னையில் மை உலர்ந்துபோகிற மே மாசத்தில் இது சாதாரண விஷயமா?

பிறகு ஒட்டுமொத்த அரசாங்கமே கிளம்பியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஊட்டி. கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கட்டுக்கட்டாக ஃபைல்கள் எல்லாம் வெயில் தொடங்கும்போது மேலே ஏறும். மாசக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு இறங்கும். பின்னாலேயே வியாபாரி, தையல்காரர், பேக்கரி, குதிரைப் பந்தயம். 'சீசன்' என்ற வார்த்தை இந்த அர்த்தத்தில் நம்ம மலைகளில் ஏறியது இப்படித்தான். அது மலையின் பருவம் இல்லை. அலுவலகத்தின் பருவம்.

இந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? சென்னைப் பத்திரிகைகள் அப்போதே இந்தக் கேள்வியைக் கேட்டன. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் கொடும் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். ஊட்டியில் கவர்னருக்கான மாளிகையைக் கட்ட ஆரம்பித்த வருஷம் 1877. ரெண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிங்க. பற்று எது, வரவு எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ரயில் வந்தது

ஆரம்பத்தில் மலையேறுவது என்றால் குதிரை, அல்லது மனுஷத் தோள். 1834-ல் மெக்காலே (ஆமா, நம்ம படிப்பை மாற்றியவர்தான்) ஊட்டியிலிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்கச் சென்னையிலிருந்து பல்லக்கில்தான் போனார். அவருடைய கோடைக் குளிர்ச்சிக்கு வியர்த்தது யாருக்கு என்று யோசிங்க.

மலை ரயிலுக்கு 1854-லேயே யோசனை வந்தது. வேலை தொடங்கியது 1891-ல். 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டி வரை முடிந்தது 1908-ல். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், சுமார் 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி ஏறுகிற சரிவு. சாதா சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாம் பாட்டுக் காட்சிக்குத்தான் அந்த ரயிலை ஞாபகம் வைத்திருக்கிறோம் :)

ரயில் வந்ததும் சீசன் கவர்னருக்கு மட்டும் சொந்தமாக இல்லை. வக்கீல் வந்தார், வாத்தியார் வந்தார்.

நம்ம கொடைக்கானல் கோஷ்டி கோவிச்சுக்கக்கூடாது, அதற்கும் வருகிறேன். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களில் நோயால் அடுத்தடுத்து சாவு. முதலில் சிறுமலையில் குடிசை போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல். அப்புறம் பழனி மலையில் இன்னும் உயரமாக ஏறி 1845-ல் கொடைக்கானலில் ரெண்டு பங்களா கட்டினார்கள். அப்போது கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உண்டாக்கினார். அதாவது, ஊட்டிக்கு வெயிலும் ஆபீஸும் காரணம் என்றால், கொடைக்கானலுக்குச் சாவு பயம் காரணம். சுற்றுலா எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த கதை.

மலைக்குச் சொந்தமான காலண்டர்

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னால் நீலகிரியில் சீசன் பார்த்துப் பயணம் போனவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். தோடர்கள். பனியும் வறட்சியும் சேர்ந்து புல் காய்கிற மாசங்களில், எருமைகளை ஓட்டிக்கொண்டு ஈரம் இருக்கிற மேற்குப் பக்கப் புல்வெளிகளுக்குப் போவார்கள். மழை வந்து புல் துளிர்த்ததும் திரும்புவார்கள். புல் சொன்னால் போவது, புல் சொன்னால் திரும்புவது. ஒரு இடத்தையே மேய்ந்து தீர்க்காமல் இருக்கிற வழி அது. எங்க குற்றாலக் கடைக்காரர்கள் வானத்தைப் பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி இப்போது யூகலிப்டஸ், சீகை, தேயிலை. குளிரில் விறகு வேண்டுமே என்று வெளிநாட்டு மரங்களை நட ஆரம்பித்தது வந்து தங்கியவர்களுக்காகத்தான்.

வெள்ளைக்காரர் போனார், சீசன் போகலை

1947-க்குப் பிறகு நியாயமாக சீசன் கலைந்திருக்கவேண்டும். கலையவில்லை. கவர்னரின் கோடைக்காலம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தின் முழாண்டு லீவு வந்து உட்கார்ந்துகொண்டது. 1896-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சி இன்றும் மே மாசம். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, மே மாசம். கோடை விழா, மே மாசம். ஊரே ஒரு மாசத்தில் கூடினால் வேறென்ன நடக்கும்?

வணிகவியல் மாணவனாக இதை ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். சீசன் கூட்டத்தைக் கணக்குப் போட்டு ரூம் கட்டுகிறார்கள். மீதி பத்து மாசம் பாதி ரூம் காலி. ஆனால் கடனுக்கு வட்டியும் ஆள் சம்பளமும் பன்னிரண்டு மாசமும் உண்டு. அந்த நிலைச் செலவை எல்லாம் ரெண்டு மாசத்தில் வருகிறவன் தலையில் கட்டவேண்டியிருக்கிறது. எங்களிடம் மூன்று மடங்கு கேட்ட லாட்ஜ்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் அவர் கணக்கு புரிகிறது. புரியாத செலவு வேறு. அது எந்தப் பில்லிலும் வராது. குப்பை, தண்ணீர்ப் பஞ்சம், அந்த ஆம்புலன்ஸின் இருபது நிமிஷம்.

அந்தப் பில் கடைசியில் கோர்ட்டுக்குப் போனது. சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20 ஆயிரம் வண்டிகள் நீலகிரிக்குள் வருகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டினார்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. மலை எவ்வளவு தாங்கும் என்பதை ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இதைக் கவனிங்க, நமக்கு உதவும்.

இ-பாஸ் வந்ததும் எல்லாரும் "என் நாட்டுக்குள்ள போக எனக்குப் பாஸா?" என்று கொதித்தார்கள். நானும்தான். ஆனால் அதே சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் தன் நாட்டுக்குள்தானே போகிறார்?

காலண்டரைப் பார்க்காத விலை

இது வெறும் டிராஃபிக் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். சில தேதிகளைப் பாருங்க.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேற்றம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். நிறையப் பேர் நம்மைவிடக் கொஞ்சம் பெரியவர்கள், அவ்வளவுதான். மார்ச்சில் அந்த மலையில் புல் வைக்கோல் மாதிரி காய்ந்திருக்கும்.

2009 நவம்பர். வடகிழக்குப் பருவமழையில் நீலகிரி முழுக்க நிலச்சரிவு. 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

2024 மே 17. எங்க பழைய குற்றாலம். சீசனே தொடங்கவில்லை, கோடை மழை. மேலே பெய்த மழை கீழே குளித்தவர்களுக்குத் தெரியாது. திடீரென்று வந்த வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. லீவுக்கு வந்த பையன். இந்தச் செய்தியைப் படித்த அன்று எங்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நீச்சல் பழகாமலே குளித்து வளர்ந்த அருவி அது.

மூன்றுமே வேறு வேறு மாசம். ஆனால் பாடம் ஒன்றுதான். நம்ம லீவு லிஸ்ட்டை மலை படிப்பதில்லை.

நல்ல மாற்றமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வனத்துறை வழிகாட்டிகளோடு போகிற 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. காட்டுத் தீக் காலம் வந்ததும் 2025 பிப்ரவரி நடுவில் அவற்றை மூடிவிட்டார்கள். வருமானம் வருகிற நேரத்தில் கதவைச் சாத்துவது! எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

சரி, எப்போதான் போறது?

நான் போட்டுவைத்திருக்கிற காலண்டர் இது. தப்பு இருந்தால் திருத்துங்க.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை: குற்றாலம். சாரல் உண்டு, செலவு குறைவு. போலீஸ் அருவியை அடைத்தால் சண்டை போடாமல் டீ குடிக்கப் போய்விடணும்.

செப்டம்பர்: ஊட்டி அல்லது கொடைக்கானல். தென்மேற்கு மழை குறையும், வடகிழக்கு தொடங்கியிருக்காது. மலை பச்சையாக இருக்கும். ஊட்டியில் இதை இரண்டாம் சீசன் என்றே சொல்வார்கள், பூங்காவிலும் பூ இருக்கும்.

அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர்: மழைச் செய்தி பார்க்காமல் மலைச்சாலை வேண்டாம்.

டிசம்பர் கடைசி, ஜனவரி: உறைபனி பார்க்க ஊட்டி. ஸ்வெட்டர் கடன் வாங்கிக்கொள்ளவும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல்: காட்டுக்குள் மலையேற்றம் வேண்டவே வேண்டாம்.

மே: சொந்த ஊர். பாட்டி வீடு. மாம்பழம்.

2030: குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. கடைசியாகப் பூத்தது 2018-ல். அதற்குள் எல்லாரும் வேலையில் இருப்போம், லீவு இப்பவே சொல்லிவைங்க :)

நேற்று வகுப்பில் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "பரீட்சைக்கு முன்னாடி எவன்டா டூர் போவான்?" என்று பின் பெஞ்ச் கத்தியது. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பலாம், வேன் வேண்டாம், அரசு பஸ், தலைக்கு ஆகும் செலவு மே மாச டூரில் பாதிகூட வராது என்று கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டினேன். கை தூக்கியவர்கள் 31. தூக்காதவர்கள் 22. தீர்மானம் நிறைவேறியது.

தூக்காத 22 பேருக்கும் ஒரு வார்த்தை. மே மாசம் போகக்கூடாது என்று சட்டம் இல்லை. அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு உங்கள் பணம் வேண்டும், அதுவும் நிஜம். ஆனால் சீசன் என்பது இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெயில் தாங்காத சில பேர் தங்களுக்காகப் போட்ட டைம்டேபிள். அவர்கள் இறங்கிப் போய் எவ்வளவோ காலமாச்சு. நாம் மட்டும் ஏன் இன்னும் அந்த டைம்டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் வரிசையில் நிற்கவேண்டும்?

பர்லியாறு வழியாகப் போகும்போது அந்த டீக்கடையில் இறங்கணும் என்று நினைத்திருக்கிறேன். சீசன் இல்லாத நாளில் வியாபாரம் எப்படி என்று அக்காவைக் கேட்கணும். அந்த ஆம்புலன்ஸில் போனவர் பிழைத்தாரா என்பதும் அவங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.